2014 ஸ்விஃப்ட் டீசல், டெல்லிப் பதிவு: வாங்கலாமா?

கேள்வி:
தினமும் நாமக்கல்லிலிருந்து ஈரோட்டுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். டீசல்தான் கட்டுப்படியாகும். ஒரு ஸ்விஃப்ட் பார்த்திருக்கிறேன், நம் ஊர் வண்டியைவிட விலை நன்றாகவே குறைவு. வாங்கலாமா அண்ணா?

பதில் 1:
தம்பி, டெல்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அதனால்தான் அவை தெற்கே வருகின்றன. வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றலாம் என்று டெல்லி ஆர்.டி.ஓ. கொடுத்த தடையில்லாச் சான்றைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மறுபதிவு, சாலை வரி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பதில் 2:
பட்டறை வைத்திருப்பவன் சொல்கிறேன். அது ஃபியட்டின் 1248 சிசி என்ஜின், அருமையானது. வால்வுகளை நேரத்துக்கு இயக்க அதில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். விடியற்காலையில் போய் முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், திரும்பிவிடுங்கள். ஆறிய என்ஜினில்தான் செயினின் கடகட சத்தம் தெரியும். பிறகு என்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, வேண்டவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சான்று கேட்டால் "பணம் கட்டுங்கள், பிறகு வரும்" என்கிறார் விற்பவர். விட்டுவிட்டேன். உள்ளூர்ப் பதிவு வண்டியே தேடுகிறேன்.