புதுப்பிப்பு: ஃப்ரீமேன் குடும்பக் கதை

போன பதிவுல டேனியல் ஃப்ரீமேன், குடியேறி விவசாயம் பண்றவங்களுக்கு அரசு நிலம் கொடுத்த அமெரிக்க ஹோம்ஸ்டெட் சட்டத்துல, 1863 ஜனவரி 1 அன்னிக்கு நெப்ராஸ்கா பகுதியில 160 ஏக்கருக்கு மனு போட்டதை எழுதியிருந்தேன்ல, குடும்பம் பத்தி சொல்லுங்கன்னு நிறைய பேர் கேட்டீங்க.

மனைவி ஆக்னஸ், அயோவாக்காரங்க. முதல்ல டேனியலோட சகோதரர் ஜேம்ஸுக்குத்தான் நிச்சயம் ஆகியிருந்துச்சு, அவர் உள்நாட்டுப் போர்ல இறந்துட்டாரு, அப்புறம் டேனியலும் ஆக்னஸும் கடிதம் எழுதி எழுதியே பழகி 1865ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க.

அந்தச் சட்டப்படி பட்டா வாங்க அஞ்சு வருஷம் அங்கயே குடியிருந்து பயிர் வச்சதை சாட்சியோட நிரூபிக்கணும். டேனியல் அப்படி நிரூபிச்ச ஆவணத்துல 14க்கு 20 அடி வீடு, உழுத நிலம் 35 ஏக்கர், ஆப்பிள் மரம் 40, பீச் மரம் கிட்டத்தட்ட 400னு இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச பக்கம் அதுதாங்க, எவ்ளோ உழைப்பு! அந்த நிலம் இப்போ தேசிய வரலாற்றுப் பூங்கா.