சிப்புக்குள்ள காந்தத் துகள் நிக்காம ஓடுது, என்ன பண்ண?

வெண்ணிலா:
எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட். சீரத்துல (ரத்தத்தோட தெளிஞ்ச நீர்) இருக்கிற ஒரு புரதத்தைப் பிடிக்கணும். அந்தப் புரதத்தைக் கவ்வுற ஆன்டிபாடி ஒட்டின 100 நானோமீட்டர் காந்தத் துகள். சிப்புங்கிறது கண்ணாடி மேல ஒட்டின பி.டி.எம்.எஸ். (சிலிக்கோன் ரப்பர்) துண்டு, அதுல திரவம் ஓடுற சேனல் 200 மைக்ரான் அகலம், 100 மைக்ரான் உயரம். 1 மில்லிமீட்டர் கண்ணாடி ஸ்லைடு, அதுக்கு அடியில 5 மில்லிமீட்டர் நியோடிமியம் காந்தம். பம்ப் நிமிஷத்துக்கு 20 மைக்ரோலிட்டர். வெளிக்குழாய்ல கடுங்காப்பி நிறத்துல அத்தனையும் வந்துடுது. இதே காந்தத்தை டியூப் பக்கத்துல அரை மணி நேரம் வெச்சா சுவரோட ஒட்டிக்குது. பெரிய காந்தம் வாங்கணுமா?

முத்து_77:
வாங்கும்மா, ஆனா விரல் பத்திரம். ரெண்டு நியோடிமியத்துக்கு நடுவுல மாட்டி என் நகம் ஒரு மாசம் கறுப்பா இருந்துச்சு.

ராஜி:
காசை வீணாக்காதே. உன் சேனல்ல 20 மைக்ரோலிட்டர்னா வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மில்லிமீட்டர் வேகம். காந்தத்தை 0.3 வினாடியில தாண்டிடுது. டியூப்ல அரை மணி நேரம் குடுத்தியே! முதல்ல பம்பை 2க்கு இறக்கு.

அடுத்தது, இழுக்கிறது புலத்தோட பலம் மட்டும் இல்ல, அது எவ்வளவு சட்டுனு மாறுதுங்கிறதும்தான். அந்த மாற்றம் காந்தத்தோட நடுவுல கம்மி, விளிம்புல ஜாஸ்தி. ஸ்லைடை விட்டுட்டு 0.17 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப்புல ஒட்டு.

இதுக்கும் மசியலன்னா 1 மைக்ரான் துகளுக்கு மாறு. இழுவிசை கன அளவோட ஏறும், தண்ணியோட தடை விட்டத்தோடதான் ஏறும். இரும்பு விகிதம் ஒண்ணா இருந்தா நூறு மடங்கு வேகமா காந்தத்துக்குப் போகும்.

ஒண்ணு, திடீர்னு நல்லா பிடிபட ஆரம்பிச்சா சந்தோஷப்படாம மைக்ராஸ்கோப்புல பாரு. துகள் கட்டி கட்டியிருந்தாலும் அப்படித்தான் பிடிபடும். கட்டிக்கு உள்ள மாட்டின ஆன்டிபாடிக்குப் புரதம் எட்டாது. துகள் கலக்குற பஃபர்ல, கட்டி சேராம இருக்க 0.05% ட்வீன் 20 (சோப்பு மாதிரி ஒண்ணு) இருக்கா?

வெண்ணிலா:
இல்லக்கா, இப்பதான் போட்டேன். கவர்ஸ்லிப்பும் மாத்தியாச்சு, பம்ப் 2. காந்த விளிம்புக்கு நேரா பென்சில்ல கீறின மாதிரி பழுப்புக் கோடு! நடுவுல கொஞ்சம்கூட இல்ல. ஆனா காந்தத்தை எடுத்துட்டுக் கழுவினா பாதிதான் கலையுது.

ராஜி:
அது காந்தத்தோட வேலை இல்ல. அந்தத் துகளுக்குள்ள இருக்கிறது 10 நானோமீட்டர் அளவு இரும்பு ஆக்சைடு, காந்தத்தை எடுத்ததும் காந்தத்தன்மை போயிடும். மிச்சம் சேனலோட பரப்புல தானா ஒட்டியிருக்கும், கண்ணாடியிலயும் பி.டி.எம்.எஸ்.லயும் அப்படி ஒட்டும். துகள் விடறதுக்கு முன்னாடி 1% பி.எஸ்.ஏ. (மாட்டு சீரத்துப் புரதம், பரப்பை மூடிடும்) நிரப்பி ஒரு மணி நேரம் வை.

வெண்ணிலா:
சரிக்கா, நாளைக்குப் பார்க்கிறேன். இன்னும் ரெண்டு சிப்புதான் மிச்சம்.