வகுப்பறையில் மூச்சுப் பயிற்சி: உங்கள் பள்ளியில் எப்படி?

திருப்பூர், அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை

எங்கள் பிள்ளைகளில் பலருடைய பெற்றோர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். ஆர்டர் நெருக்கும் நாள்களில் தாய், தந்தை இருவருமே ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். அதுவரை விழித்திருந்த பிள்ளை மறுநாள் சிவந்த கண்களோடு வகுப்புக்கு வரும். மதிய இடைவேளை முடிந்து கணக்குப் பாடம் தொடங்கும் நேரம்தான் ஆறாம் வகுப்பில் மிகவும் சிரமம். அழுகை, அடிதடி, தூக்கம் எல்லாம் ஒன்றாக இருக்கும்.

பிராமரி என்ற மூச்சுப் பயிற்சியில் தொடங்கினேன். காதுகளைக் கட்டைவிரலால் அடைத்து, வாயை மூடி, மூச்சை வெளியே விடும்போது வண்டுபோல் ஒலியெழுப்ப வேண்டும். முதலில் ஒரே சிரிப்பு. சிரித்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு நானும் அவர்களோடு செய்தேன். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மட்டுப்படும் என்பதை மணிக்கட்டில் நாடி பிடித்து அவர்களே கண்டுகொண்டார்கள்.

ஒரு பையன் மட்டும் கண்ணை மூடமாட்டான். வீட்டில் சண்டையைப் பார்த்து வளரும் பிள்ளைக்குப் பலர் நடுவே கண்ணை மூடுவதே பயம் தரலாம். "கண்ணு, நீ தரையைப் பார்த்துக்கொண்டே செய்" என்றேன். சட்டைப் பொத்தான்மேல் உள்ளங்கையை வைத்து, வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பான். தேர்வு நாளில், வினாத்தாளைத் திருப்பும் முன் அந்தக் கை தானாக வயிற்றுக்குப் போனதைக் கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பொள்ளாச்சி, உடற்கல்வி ஆசிரியர்

வேதாத்திரி மகரிஷியின் ஆசிரமம் உள்ள ஆழியாறு பக்கத்தில் இருப்பதால் அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சி எங்கள் ஊர்களில் பலருக்குப் பழக்கம். கை, கால் பயிற்சிகள், கண் பயிற்சி, கடைசியில் உடல் தளர்த்துதல் என்று அமைந்திருப்பதால் பிள்ளைகளுக்குச் சலிப்பதில்லை. துள்ளும் பிள்ளையை எடுத்த எடுப்பில் உட்கார வைக்காதீர்கள். முதலில் உடல் அசையட்டும். உலக யோகா நாளான ஜூன் 21 அன்று வெயிலில் நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, மறுநாளே அந்தப் பீரியடை வேறு பாடத்துக்குப் பறித்துக்கொள்வதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஈரோடு, மாணவர் ஆலோசகர்

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த மிரியட் ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. எல்லோருக்கும் பாடமாக நடத்திய மனநிறைகவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ், மூச்சையும் மனதில் எழுவதையும் அமைதியாகக் கவனிக்கும் பயிற்சி), வழக்கமான வாழ்க்கைத்திறன் பாடத்தைவிட மாணவர்களின் மனநலத்துக்குக் கூடுதல் பலன் தரவில்லை. பலர் வீட்டில் பயிற்சியைத் தொடரவே இல்லை. ஆகவே கட்டாயப்படுத்தாதீர்கள். பசியில் தலை சுற்றும் பிள்ளைக்கு முதலில் சாப்பாடு வேண்டும். வீட்டில் அடி வாங்கும் பிள்ளையிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்லி நிறுத்திக்கொள்ளக் கூடாது, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

திருப்பூர் ஆசிரியை

நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், மேடம். எங்கள் வகுப்பிலும் விருப்பமில்லாதவர்கள் உண்டு. அந்த நேரத்தில் அவர்கள் ஓசையில்லாமல் படம் வரைகிறார்கள். பொள்ளாச்சி சார், பெஞ்சில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய கைப் பயிற்சிகள் எவை? எங்கள் அறையில் பாய் விரிக்க இடமில்லை.