மறு: ஆஃப்செட்டுக்கு ‘நடுவிலக்கம்’ சரிதானா?

குழுவினருக்கு வணக்கம்.

பிக்கப் வண்டிக்கான ரிம், டயர் கையேட்டைத் தமிழில் எழுதும்போது ‘ஆஃப்செட்’டுக்கு என்ன சொல் வைப்பது என்பதுதான் கேள்வி. ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியில் ஒட்டி உட்காரும் பரப்பு எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற அளவு அது. ‘எதிரீடு’ வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போய்விட்டோம். எதிரீடு கணக்கு எழுதுகிறவர்களின் சொல். ‘மறுதோன்றி’ அச்சகத்துக்குச் சொந்தம். மிச்சம் இருப்பது ‘நடுவிலக்கம்’. பள்ளியில் திட்ட விலக்கம் படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும், உண்மைதான். ஆனால் நடுவிலிருந்து விலகுவது எது என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை. படிப்பவர் ரிம்தான் விலகுகிறது என்று எடுத்துக்கொள்வார். அப்படியானால் +44 என்றதும் ரிம் வெளியே தள்ளி நிற்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு.

என் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்போடு வந்த ரிம் 18 அங்குல விட்டம், 7.5 அங்குல அகலம், ஆஃப்செட் +44 மி.மீ. போன வருடம் 9 அங்குல அகலத்தில், ஆஃப்செட் 0 என்று போட்ட ரிம்மை வாங்கினேன். எண் குறைந்தால் ரிம் உள்ளே போகும் என்று நம்பியிருந்தேன். மாட்டிப் பார்த்தால் வெளி விளிம்பு 63 மி.மீ. வெளியே வந்து நிற்கிறது! ஆஃப்செட் குறைந்ததால் 44, அகலம் கூடியதில் பாதி 19. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் மட்கார்டின் உள்பக்கத்தில் உரசியது. சக்கர பேரிங்குக்கும் பாரம் கூடும். நல்ல சொல் ஒன்று இருந்திருந்தால் அந்தச் செலவு எனக்கு வந்திருக்காது.

விலகுவது ரிம்மின் ஒட்டுமுகம், அதாவது வண்டியின் குடத்தில் (ஹப்பில்) ஒட்டி உட்காரும் பரப்பு. அது நடுக்கோட்டைத் தாண்டித் தெருப்பக்கம் இருந்தால் கூட்டல். ரிம் உள்ளே போகும். வண்டிப்பக்கம் இருந்தால் கழித்தல். ரிம் வெளியே வரும். ஆகவே என் பரிந்துரை முகவிலக்கம். எது விலகுகிறது என்று தெரிந்துவிட்டால் குறியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஜெர்மன்காரர்கள் இதை ‘ஐன்பிரெஸ்டீஃப’ என்கிறார்கள். அழுத்திச் செருகிய ஆழம் என்று பொருள். ரிம்மில் ‘ஈ.டி. 44’ என்று பொறித்திருப்பது அதன் சுருக்கம்தான். அவர்கள் ஆழத்தைப் பிடித்த மாதிரி நாம் பேக்ஸ்பேஸிங்குக்கு அதைப் பிடிக்கலாம்: பின்னாழம். ரிம்மின் பின்விளிம்பிலிருந்து ஒட்டுமுகம் வரை உள்ள தூரம். 9 அங்குல ரிம்மில் இருபக்க விளிம்பும் சேர்ந்தால் சுமார் 10 அங்குலம். முகவிலக்கம் 0 என்றால் பின்னாழம் 5, +18 மி.மீ. என்றால் சுமார் 5.7. ஒன்று கூடினால் மற்றதும் கூடும்.

ஹப்புக்கு ‘மையம்’ என்று எழுதியிருந்த நண்பருக்கு: மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் வந்து சேரும் இடத்துக்குக் குடம் என்றே பெயர். இருக்கிற சொல்லை விட்டுவிட வேண்டாம். சென்டர் போர், அதாவது ரிம்மின் நடுவில் குடம் நுழையும் துளை, ‘குடத்துளை’ ஆகிவிடும். எஃப்-150க்கு அது 87.1 மி.மீ., செவ்ரோலே சில்வராடோ 1500 பிக்கப்புக்கு 78.1. போல்ட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டத்துக்குப் ‘போல்ட்டு வட்டம்’ என்ற சொல் அப்படியே இருக்கட்டும். ஆனால் ஆறு போல்ட்டு என்றால் எல்லாம் ஒன்று என நினைக்கக் கூடாது. எஃப்-150க்கு 135 மி.மீ., சில்வராடோ 1500க்கு 139.7. ஒன்றின் ரிம் மற்றதில் ஏறாது. டயர், ரிம் என்ற சொற்கள் இரண்டையும் மாற்றவே வேண்டாம்.

கையேட்டில் வரி இப்படி வரும்: “அகலமான ரிம் வாங்கும்போது முகவிலக்கத்தைப் பழைய ரிம்மோடு ஒப்பிடுங்கள்; பின்னாழம் கூடினால் டயர் உள்பக்கம் சஸ்பென்ஷன் கையில் இடிக்கிறதா என்று பாருங்கள்.”

மெக்கானிக் ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டினால் எங்கே தடுக்குகிறது? கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.