டீசல் எஞ்சின் ஏற்றிய பழைய ஜீப்: கிரவுன் விகிதத்தை மாற்றலாமா?

அன்பர்களுக்கு வணக்கம். என் தந்தையாரின் மஹிந்திரா சிஜே-3பி ஜீப்பில், 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு, 2.1 லிட்டர் பியூஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சினை ஏற்றியிருக்கிறோம். எஞ்சின் சீராகவே ஓடுகிறது. ஆனால் 43க்கு 8 பல் கொண்ட பழைய 5.38 கிரவுன்-பினியன் (சக்கர அச்சிலுள்ள பற்சக்கர இணை) அப்படியே இருப்பதால், 80 கிலோமீட்டர் வேகத்திலேயே எஞ்சின் இரைகிறது. அதே விகிதம்தான் மலையேற்றத்தில் வண்டியை இழுத்துச் செல்கிறது என்பதால் அதை இழக்கவும் மனமில்லை.

எஞ்சின் சுழற்சியைக் குறைக்க விகிதத்தை 4.88க்கு மாற்றினால் முன், பின் அச்சுகள் இரண்டிலும் மாற்றியாக வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றினால் நான்கு சக்கர இயக்கத்தில், குறிப்பாகத் தார்ச்சாலையில், இரு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறிச் சேதமாகும். இதே எஞ்சினுடன் 4.88 பொருத்தி மலையில் ஓட்டியவர்கள் இழுவை எவ்வளவு குறைந்தது என்பதையும், விகிதத்தைத் தொடாமல் ஓவர்டிரைவ் (வேகத்தில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) பொருத்துவது மேலானதா என்பதையும் தெரிவித்து உதவுமாறு வேண்டுகிறேன்.