கண் அசரும் நேரத்தில் தூக்கிப் போடுகிறதா? எங்கள் அனுபவங்கள்

போன வருடம் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, மதுரையில் ஒரு மருத்துவமனையில் 16 நாள் இருந்தோம். வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுப்பேன். "ஒன்பதாம் நம்பர் பெட் அட்டெண்டர்!" என்று எந்த நேரத்திலும் குரல் வரும். வரவில்லை என்றாலும் வந்த மாதிரி இருக்கும். அந்த 16 இரவுகளும் நான் தூங்கியதாகச் சொல்ல முடியாது. காதை வார்டுக்குள் விட்டுவிட்டு உடம்பை மட்டும் கிடத்தியிருந்தேன்.

வீடு திரும்பிய முதல் இரவே அது ஆரம்பித்தது. கண் செருகி, நினைவு கலைந்து கொண்டிருந்த நேரம். மாடிப்படி இறங்கும்போது, இருக்க வேண்டிய கடைசிப் படி இல்லாமல் போனது போல ஒரு பள்ளம். உடம்பு மொத்தமும் ஒரே வெட்டாகத் தூக்கிப் போட்டது. எழுந்து உட்கார்ந்தேன், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கால் பட்டுத் தண்ணீர்ச் சொம்பு உருண்டு போயிருந்தது. மறுபடி படுத்தேன், கண் அசந்தேன், மறுபடி வெட்டு. அன்று மூன்று முறை. ஒரு வாரம் கழித்து ஓர் இரவில் 11 முறை எண்ணினேன்.

எண்ண ஆரம்பித்ததுதான் நான் செய்த தவறு என்று இப்போது தெரிகிறது. சாயங்காலம் விளக்கேற்றும்போதே 'இன்றைக்கும் வருமோ' என்ற பயம் வந்துவிடும். நள்ளிரவில் செல்போனை எடுத்துத் தேடினால் வலிப்பு, பக்கவாதம், இதயம் நின்றுபோவது என்று வரிசையாக வரும். அத்தை திருநீறு பூசித் தலையணைக்கடியில் வேப்பிலை வைத்தார். அவர் கை நெற்றியில் பட்டபோது உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது. ஆனால் வெட்டு நிற்கவில்லை.

கடைசியில் எங்கள் தெரு டாக்டரிடம் போனேன். இதற்கு ஹிப்னிக் ஜெர்க் என்று பெயர், பத்தில் ஆறேழு பேருக்கு வாழ்க்கையில் எப்போதாவது வருவதுதான் என்றார். விழிப்பைப் பார்த்துக்கொள்ளும் மூளைத்தண்டுப் பகுதி மெல்ல ஓய்ந்து, தூக்கத்தின் முதல் கட்டம் தொடங்கும் நேரம் அது. அந்தக் கைமாற்றம் சீராக நடக்காதபோது தசைகளுக்கு ஒரு தவறான கட்டளை பாய்ந்துவிடுகிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கமாம். பல நாள் சேர்ந்துபோன தூக்கக் குறைவு, மனக்கவலை, காப்பி, சிகரெட், ராத்திரியில் செய்யும் கடுமையான உடற்பயிற்சி எல்லாம் இதை அதிகமாக்கும். பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது: "அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க. ஆனா நீங்க இன்னும் அந்தத் தாழ்வாரத்துலதான் படுத்திருக்கீங்க."

வெளியே வந்து வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் அழுதேன்.

அப்புறம் செய்தவை பெரிய விஷயங்கள் இல்லை. ஆறு மணிக் காப்பியை நிறுத்தினேன். காப்பியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்றால், ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி பதினோரு மணிக்கும் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழுந்தேன். சுவர்க் கடிகாரத்தைக் கூடத்துக்கு மாற்றினேன். முக்கியமாக, வெட்டு வந்தால் எழுந்து உட்காருவதை விட்டேன். "சரி, வந்துட்டுப் போ" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு ஒருக்களித்துப் படுப்பேன். முதல் நாலைந்து நாள் அந்த வார்த்தையில் எனக்கே நம்பிக்கை இல்லை. மூன்று வாரத்தில் பாதிக்குப் பாதி குறைந்தது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

சேலத்திலிருந்து ஓர் ஓட்டுநர்

அக்கா, நான் 14 வருடமாக ராத்திரி பஸ் ஓட்டுகிறேன். விக்கிரவாண்டியில் ஒரு டீ, செங்கல்பட்டு தாண்டி இன்னொரு டீ, விடியற்காலையில் சென்னை. பகலில் படுத்தால் எனக்கு உடம்பு முழுக்கத் தூக்கிப் போடாது, வலது கால் மட்டும்தான். பிரேக்கை மிதிக்கிற மாதிரி அப்படியே உதைக்கும். கண்ணுக்கு முன்னால் ஒரு லாரியின் பின்பக்கம் தெரியும். பக்கத்தில் படுத்திருக்கும் கிளீனர் தம்பி பல தடவை உதை வாங்கியிருக்கிறான்.

படுக்கையில் வரும் அந்த உதைக்கு நான் பயப்படவில்லை. ஆனால் ஒரு நாள் உளுந்தூர்பேட்டை தாண்டி, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உடம்பு அதே மாதிரி வெட்டிக்கொண்டது. முன்னால் போன ஒரு கிலோமீட்டர் எனக்கு ஞாபகமே இல்லை. அப்போதுதான் புரிந்தது, அந்த வெட்டு வந்தது என்றால் அதற்கு முன்னால் நான் தூங்கியிருக்கிறேன். ஓரம் கட்டி இரண்டாவது ஓட்டுநரை எழுப்பினேன். வண்டி ஓட்டும்போது இது வந்தால் முகம் கழுவுவது, பாட்டை சத்தமாக வைப்பது எல்லாம் போதாது. வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். நம் பின்னால் நாற்பது பேர் நம்மை நம்பித் தூங்குகிறார்கள்.

கும்பகோணம், ஓய்வு பெற்ற ஆசிரியர்

எனக்கு உடல் அசைவதில்லை, சத்தம் கேட்கும். தீபாவளி அணுகுண்டு தலைக்குள்ளேயே வெடித்தது போல ஒரே ஒரு 'டமார்'. வலி கிடையாது. முதல் முறை சிலிண்டர் வெடித்துவிட்டது என்றெண்ணிச் சமையலறைக்கு ஓடினேன். மனைவி, "ஒரு சத்தமும் கேக்கலையே" என்றாள். மூன்று இரவுகள் மொட்டை மாடி, கிணற்றடி என்று டார்ச்சோடு சுற்றினேன். பிறகு, புத்தி தடுமாறுகிறதோ என்று அஞ்சி யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அந்த மௌனம்தான் கொடுமை.

நரம்பியல் மருத்துவர் விவரம் சொன்ன பிறகே மனம் அடங்கியது. எக்ஸ்ப்ளோடிங் ஹெட் சிண்ட்ரோம் என்ற பெயரை இதற்கு 1988ல் பியர்ஸ் என்ற பிரிட்டிஷ் நரம்பியலாளர் வைத்தாராம். அதற்கும் வெகு முன்பே, 1876ல், சைலஸ் வெய்ர் மிட்செல் என்ற அமெரிக்க மருத்துவர் இதே அனுபவத்தை எழுதி வைத்திருக்கிறார். என்னைப் போல் நள்ளிரவில் விழித்து உட்கார்ந்த ஒருவர் அன்றும் இருந்தார் என்று அறிந்ததே எனக்குப் பாதி மருந்து. ஒன்று மட்டும் கவனியுங்கள்: சத்தத்தோடு தாங்க முடியாத தலைவலியும் திடீரென வந்தால் அது வேறு விஷயம். விடியும் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய்

மேலே எல்லோரும் பயப்பட வேண்டாம் என்று எழுதியிருப்பதைப் படித்ததும் என் மகள் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவளுக்கு அப்போது 15 வயது. தூங்கப் போகும்போது ஒன்றும் இராது. காலையில் எழுந்த பிறகு தோளும் கையும் வெடுக் வெடுக்கென்று இழுக்கும். பல் தேய்க்கும் பிரஷ் தெறித்து விழும், காப்பி டம்ளர் கையிலிருந்து எகிறும். கவனமில்லாத பிள்ளை என்று திட்டினேன். ஒரு முறை அடித்தும் விட்டேன், அது இன்னும் உறுத்துகிறது. பரீட்சைக்காக ராத்திரி முழுக்கக் கண் விழித்த மறுநாள் காலை அவளுக்கு முழு வலிப்பே வந்தது.

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இஇஜி சோதனை எடுத்துப் பார்த்து, ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி என்றார்கள். பதின்ம வயதில் தொடங்கும் வலிப்பு வகை. தூக்கம் கெட்டால் கிளறிவிடும். மாத்திரையில் கட்டுப்பட்டு இப்போது கல்லூரிக்குப் போகிறாள். தூங்கப் போகும்போது வருவதும், எழுந்த பின் முழு விழிப்பில் வருவதும் ஒன்றல்ல. பிள்ளைகள் காலையில் பொருட்களை அடிக்கடி தவறவிட்டால் திட்டுவதற்கு முன் ஒரு தடவை உற்றுப் பாருங்கள்.

மதுரையிலிருந்து, முதலில் எழுதியவள்

திருநெல்வேலி அக்கா, நீங்கள் எழுதியதை என் தங்கைக்கு உடனே அனுப்பினேன். அவள் பையனுக்கு 14 வயது.

தனியாக விசாரித்தவர்களுக்கு: மெக்னீசியம் மாத்திரை நான் எடுக்கவில்லை, அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் வெட்டு அதிகமானது என்று ஒருவர் சொன்னார். சில மாத்திரைகளால் அப்படி நடக்கலாம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடமே சொல்லுங்கள்.

அம்மா இப்போது வாக்கர் இல்லாமல் நடக்கிறார். நேற்று ராத்திரியும் எனக்கு ஒரு முறை தூக்கிப் போட்டதாம். காலையில் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.