புதுப்பிப்பு: ஐசியூ அலாரம் – வரம்பை மாற்றும் முன் எலக்ட்ரோடைப் பாருங்கள்

ஐசியூவில் வீண் அலாரங்களைக் குறைக்க, நோயாளிக்கு ஏற்ப அலாரம் வரம்புகளை மாற்றச் சொல்லி முன்பு எழுதியிருந்தேன். வரிசையைத் திருத்துகிறேன்: முதலில் எலக்ட்ரோடு, அதாவது இதயத் துடிப்பைப் பதிவுசெய்ய நெஞ்சில் ஒட்டும் ஜெல் பட்டை. ஜெல் காய்ந்தால் இசிஜி அலை நடுங்கும். மானிட்டர் அதை வி.டி. (இதயத்தின் கீழறையில் எழும் ஆபத்தான வேகத் துடிப்பு) என்று எண்ணி அலறும். எலக்ட்ரோடை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். முடியை ட்ரிம்மரால் வெட்டி, சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் ஒட்டுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், தோல் வறண்டுவிடும். நடுவில் அழுத்தினால் ஜெல் பிதுங்கும். விளிம்பைச் சுற்றி அழுத்தினால் போதும்.

பிபி கஃப் கட்டிய கையிலேயே எஸ்பிஓ2 புரோப் (ரத்த ஆக்ஸிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் கருவி) இருந்தால், கஃப் இறுகும்போதெல்லாம் பொய் அலாரம்தான். மறு கைக்கு மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகே, மருத்துவர் ஒப்புதலோடு, வரம்பு மாற்றமும், எஸ்பிஓ2 அலாரம் ஒலிக்க 15 விநாடி தாமதமும். அசிஸ்டோல் (இதயத் துடிப்பு நின்றுபோவது), வி.எஃப். (இதயம் சீராகத் துடிக்காமல் வெறுமனே நடுங்குவது) அலாரங்களில் மட்டும் கை வைக்கவே வைக்காதீர்கள்.